கத்தரிப் பூவுக்கு வண்டு வேணுமுங்க

போன வருசம் எங்க கத்தரிச் செடி பூவாப் பூத்துக் கொட்டுச்சு. காயோ விரல் விட்டு எண்ணிரலாம். அப்பத்தா வந்து பார்த்துட்டு, "வண்டே வராத எடத்துல என்னத்தடா காய்க்கும்?"னு கேட்டுச்சு.

கத்தரிப் பூவுல தேன் கெடையாதுங்க. நடுவுல இருக்கிற மஞ்சக் குழல் ஒவ்வொண்ணு நுனியிலயும் ஊசி ஓட்டையாட்டத் துளை, மகரந்தம் குழலுக்குள்ள. கருவண்டு, அதான் மரத்துல ஓட்டை போடுற பெரிய கறுப்புத் தேனீ, பூவைக் கட்டிப் பிடிச்சு உடம்பை உதறும். 'ங்ர்ர்ர்'னு சத்தம் வரும், தூள் வயித்துல கொட்டும். பெட்டியில வளர்க்கிற தேனீக்கு இந்த வித்தை வராது. ஆனா கருவண்டுக்குத் தேனும் வேணுமே! அதுக்கு வேற பூ வைக்கணும்.

முதல்ல எடம். ஆடியில பாலக்காட்டுக் கணவாய் வழியா மேக்கால இருந்து வர்ற காத்து ஆளையே தள்ளும், தேனீ எம்மாத்திரம்? வீட்டுக்குக் கெழக்கால சுவரோரமாப் பாத்தி கட்டுங்க. மேக்காலக் காத்து அடிக்காது, காலை வெயிலும் விழும்.

ரெண்டாவது, கருவண்டுக்கு சங்குப்பூவும் சணப்பையும். சங்குப்பூ விதையை ராத்திரி ஊற வெச்சு ஊனுங்க, வேலியில ஏத்தி விடுங்க. சணப்பையைத் தழையுரத்துக்கு விதைக்கிறவங்க பூ எடுக்கறப்பவே மடக்கி உழுதுருவாங்க. நீங்க நாலு செடியையாச்சும் பூத்து முடிய விடுங்க.

அடுத்தது சின்ன வாய்க்காரங்க. அடுக்குத் தேனீ, கொம்புத் தேனீ, கொசுவாட்டமே இருக்கிற கொடுக்கில்லாத கொசுத் தேனீ. இதுகளுக்குத் துளசியும் கொத்தமல்லியும் போதும். துளசிக் கதிரைப் பூராக் கிள்ளிராதீங்க, பாதி நிக்கட்டும். மல்லியிலயும் ஒரு வரிசையப் பறிக்காம பூக்க விடுங்க. பத்து மணிப் பூ ரெண்டு தொட்டி இருந்தா இன்னும் நல்லது.

செண்டுமல்லியில நான் ஏமாந்தேன். நர்சரியில உருண்டை உருண்டையா அழகா இருக்குதேன்னு வாங்கியாந்தேன், ஒரு தேனீ உக்காரல. இதழ் அடைச்சுக் கெடந்தா வாய் எங்க வைக்கும்? ஒத்தை அடுக்குப் பூவாப் பார்த்து வாங்குங்க.

ரோசா இலை ஓரத்துல வளையல் துண்டாட்டம் வட்டமா வெட்டியிருந்தா மருந்தைத் தூக்கிட்டு ஓடாதீங்க. இலைவெட்டித் தேனீ கூட்டுக்குள்ள மெத்தை போட எடுத்துட்டுப் போயிருக்கும், செடிக்கு ஒண்ணும் ஆகாது. வேப்பெண்ணெய் அடிக்கிறதா இருந்தாலும் பொழுது சாஞ்சப்புறம் அடிங்க.

மண் தட்டத்துல கூழாங்கல்லப் பரப்பி, கல்லு முழுகாத அளவுக்குத் தண்ணி ஊத்தி வெயுங்க. பந்தக்கால்ல கருவண்டு ஓட்டை போட்டா, பக்கத்துலயே காஞ்ச மூங்கில் ரெண்டைக் கட்டி விடுங்க. எங்க வீட்டுல இப்ப அதுலதான் குடியிருக்குது.