ஏற்காட்டு இறக்கத்தில் மீண்டும் கியர் வண்டி

பல ஆண்டுகள் ஆட்டோமேட்டிக் வண்டியையே ஓட்டிப் பழகிவிட்டு, அப்பாவின் பழைய கியர் காரில் ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கிய முதல் நாள், 20 கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைக் கடப்பதற்குள் சக்கரங்களிலிருந்து கருகல் வாடை வந்தது. பிரேக் மிதியும் வழக்கத்தைவிட ஆழமாக இறங்கியது. ஓரங்கட்டி, தண்ணீர் ஊற்றாமல் (சூட்டில் ஊற்றினால் டிஸ்க் கோணிவிடக்கூடும்) அரை மணி நேரம் ஆறவிட்டேன்.

பிழை என்னுடையதே. நான்காம் கியரில் உருளவிட்டு, பிரேக்கின் மேலேயே காலை வைத்திருந்தேன். ஏறும் கியரிலேயே இறங்க வேண்டும் என்று அப்பா முன்பு சொல்லித்தந்தது நினைவில் இருந்தும், கால் அதை மறந்துவிட்டிருந்தது.

முதலில் பழைய பிரேக் ஆயிலை மாற்றினேன். ஈரம் உறிஞ்சிய ஆயில் சூட்டில் கொதித்தால் மிதி மெத்தென்று ஆகிவிடும். பிறகு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள், சுற்றுலா வண்டிகள் கிளம்பும் முன்பே போய், வளைவுக்கு முன்னரே இரண்டாம் கியருக்கு மாற்றி, கிளட்சை முழுவதும் விட்டு, எஞ்சினே வேகத்தைப் பிடித்துக்கொள்ளும்படி இறங்கிப் பழகினேன். மேலேறும் பேருந்துக்கு ஒதுங்கி நின்று வழிவிட்டேன். ஏறுகிற வண்டிக்கே முன்னுரிமை. மூன்றாம் வாரம் இடக்கை தானாகவே கியரைத் தேடியது. அடிவாரத்தில் இறங்கிச் சக்கரத்தருகே கையைக் காட்டியபோது இளஞ்சூடுதான் இருந்தது.