நாசில் தானாக நின்றதும் போதும்
பெட்ரோல் போடும்போது நாசில் 'டக்' என்று தானாக நின்றுவிட்டால், தொகையை முழு எண்ணாக்குவதற்காக மேலும் அழுத்தி நிரப்பச் சொல்லாதீர்கள்.

நாசிலின் நுனியில் உள்ள சிறு துளை காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்; ஏறிவரும் பெட்ரோல் அதை மூடியவுடன் உள்ளிருக்கும் வால்வு அடைத்து ஓட்டம் நிற்கிறது. அப்போதும் டேங்கின் மேற்பகுதியில் மிஞ்சியிருக்கும் இடம் வீணானதன்று: அடியில் தங்கும் திரவத்தைப் போலன்றி, ஆவி கிடைத்த இடம் முழுவதும் பரவும், வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் 50 லிட்டர் பெட்ரோலே ஏறத்தாழ ஒரு லிட்டர் விரிவடையும். அந்த இடத்தையும் நிரப்பிவிட்டால், ஆவியை மட்டும் ஈர்த்துவைக்க வேண்டிய கரி நிரம்பிய கலனுக்குள் திரவப் பெட்ரோல் புகுந்து அதைக் கெடுத்துவிடக்கூடும். அதை மாற்றும் செலவோ, கூடுதலாகப் போட்ட அரை லிட்டரின் விலையைவிடப் பன்மடங்கு அதிகம்.

டேங்க் பாதிகூட நிரம்பாத நிலையில் நாசில் திரும்பத் திரும்ப நின்றால் இக்குறிப்பு பொருந்தாது. அதற்கு நுரையோ நாசில் செருகப்பட்ட கோணமோ காரணமாக இருக்கலாம் (டீசலில் நுரை சற்று அதிகம்). நாசிலைச் சிறிது வெளியே இழுத்து மெதுவாக நிரப்பச் சொல்லுங்கள். சிஎன்ஜி வண்டிகளுக்கும் இது பொருந்தாது. வாயு எப்போதும் கலன் முழுவதையும் நிறைத்தே இருக்கும் என்பதால், எவ்வளவு ஏறியது என்பதை அழுத்தமே காட்டுகிறது. வேகமாக நிரப்பும்போது வாயு சூடாகி அழுத்தம் உயர்வதால், வண்டி குளிர்ந்தபின் அழுத்தமானி சற்றே இறங்கியிருப்பது இயல்புதான்.