விரலுக்குக் காய்ந்தது உள்ளே காய்ந்திருக்காது

பல்லடத்தை ஒட்டிய எங்கள் ஊரில், பழைய நாளிதழ், பனியன் வேஸ்ட், கொட்டாங்குச்சி ஆகியவற்றைக் கொண்டு கைவினைப் பொருள்கள் செய்யக் கற்றுக்கொள்ளச் சனிக்கிழமைதோறும் சிலர் வருகிறார்கள். தொடக்கத்தில் நான் செய்த தவறுகளையே அவர்களும் வரிசை மாறாமல் செய்கிறார்கள். மழுங்கிய கத்தரி, கொட்டிப்போகும் பெயின்ட் போன்றவற்றை இங்கே எழுதவில்லை. அவை தாமாகவே திருந்திவிடும்.

ஈரம் போகுமுன் வர்ணம் பூசுவது

நாளிதழை ஊறவைத்து, வெந்தயத்துடன் சேர்த்து அரைத்து, கவிழ்த்த குடத்தின்மேல் அப்பிக் கூடை செய்வது என் அம்மாயிக்குக் கைவந்த வேலை. சித்திரை வெயிலில் மட்டுமே அதைச் செய்வார். காரணம் என்னவென்று நான் கேட்டதில்லை.

ஓர் ஆடி மாதத்தில் கோவைக் கடைக்காரர் ஒருவர் 24 காகிதக்கூழ்க் கிண்ணங்கள் கேட்டு முன்பணமும் கொடுத்தார். பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கும் ஆடிக் காற்றில் இரண்டே நாளில் கிண்ணங்கள் ஓடுபோல இறுகி, தட்டினால் ஓசை வந்தது. நான்காம் நாள் உள்ளும் புறமும் எனாமல் பூசி அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து அத்தனையும் திரும்பி வந்தன. வர்ணம் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. ஒன்றைப் பிளந்து பார்த்தேன். நடுவில் கூழ் இன்னும் நசநசவென்றிருக்க, கறுப்புப் பூஞ்சை படர்ந்திருந்தது. முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன்; பெயின்ட் செலவும் என் தலையில் விழுந்தது.

காற்று வேகமாக வீசும்போது மேற்பரப்பு முதலில் ஈரத்தை இழந்து இறுகிவிடுகிறது. உள்ளிருக்கும் நீர் அந்தத் தோலைத் தாண்டி மெதுவாகத்தான் வெளியேறும். அதன்மேல் எனாமல் பூசினால் மிச்சமிருக்கும் வழியும் அடைபடுகிறது. வெந்தயமும் மாவுப் பசையும் பூஞ்சைக்கு நல்ல தீனி.

மேலே தடவிப் பார்த்துவிட்டு, “காஞ்சிருச்சுங்க, பூசலாமுங்களா?” என்று கேட்பவர்களிடம் மட்டும் எனக்கு இன்றும் குரல் உயர்ந்துவிடுகிறது. அந்தக் கேள்விக்குத் தராசுதான் பதில் சொல்ல வேண்டும். நாள்தோறும் ஒரே நேரத்தில் எடை போட்டுக் குறித்து வையுங்கள். ஈரத்தில் 600 கிராம் இருந்த கிண்ணம் 170 கிராமுக்கு இறங்கி, அடுத்த இரண்டு நாளும் அதே எடையில் நின்றால் தூரிகையைக் கையில் எடுக்கலாம். கூழை ஒரே அப்பாக அப்பாமல், அரை சென்டிமீட்டருக்கு மிகாத அடுக்குகளாக அப்பி, ஒவ்வொன்றையும் காயவிட்டு அடுத்ததைச் சேர்க்க வேண்டும். கிண்ணம் தன் வடிவில் நிற்கும் நிலை வந்ததும் அச்சிலிருந்து கழற்றிக் கவிழ்த்து வைத்தால் உட்புறத்துக்கும் காற்று கிடைக்கும். அடியில் இரண்டு குச்சிகளைக் கொடுத்து வையுங்கள்.

பசை

எல்லாவற்றையும் ஒட்டும் பசை என்று ஒன்று கிடையாது.

மயில்துத்தம்

சுவரொட்டி ஒட்டுபவர்கள் மைதா பசையில் சேர்ப்பதைப் போல, மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) நம் பசையிலும் சிறிது சேர்த்தால் பூச்சி அண்டாது. ஆனால் அது நஞ்சு. தின்பண்டம் வைக்கும் பொருளிலும், குழந்தைகள் பசையில் கை வைக்கும் இடத்திலும் அதைச் சேர்க்கக் கூடாது.

கொட்டாங்குச்சி

உட்புறத்தில் ஒட்டியிருக்கும் பருப்பைச் சுரண்டாமல் வார்னிஷ் அடிக்காதீர்கள்.

பனியன் துணியைத் திசை பார்க்காமல் வெட்டுவது

திருப்பூரிலிருந்து மூட்டையாக வரும் கட்டிங் வேஸ்ட்டைக் கண்டதும் கண்டபடி பட்டைகளாக வெட்டிவிட்டு, பின்னும்போது கால்மிதி கோணுகிறது என்று வருந்துகிறார்கள். முதலில் துண்டை இரு திசைகளிலும் இழுத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் அதிகம் இழுபடுகிறதோ, பட்டையின் நீளம் அந்தப் பக்கமாக அமைய வேண்டும். சாதாரண டி-ஷர்ட்டுக்குப் பயன்படும் மெல்லிய சிங்கிள் ஜெர்சித் துணியை அப்படி வெட்டி இழுத்தால் ஓரங்கள் சுருண்டு, கயிறுபோல உருண்டுவிடும். வரிவரியாக இழுபடும் ரிப், இருபுறமும் ஒரே மாதிரி இருக்கும் இன்டர்லாக் ஆகிய துணிகள் எப்படி வெட்டினாலும் சுருளுவதில்லை. அவற்றைத் தனியே பிரித்து, தலையணைக்குள் அடைக்க வைத்துக்கொள்ளலாம்.