மூலநிரலிலிருந்து நிறுவும் மென்பொருளுக்குத் தனிக் கோப்புறை

லினக்ஸில் மூலநிரலை, அதாவது நிரலாளர் எழுதிய வடிவத்தை, கணினி இயக்கும் வடிவாகத் தொகுத்து ஒரு மென்பொருளை நிறுவும்போது, தொகுக்குமுன் கொடுக்கும் ‘கன்ஃபிகர்’ கட்டளையிலேயே, நிறுவும் இடத்தைச் சொல்லும் ‘பிரிஃபிக்ஸ்’ தெரிவைச் சேர்த்து, ‘ஓப்ட்’ கோப்புறைக்குள் அதற்கெனத் தனி இடம் ஒதுக்கிவிடுங்கள். வேண்டாதபோது அந்த ஒரு கோப்புறையை அழித்தால் போதும்.

இல்லாவிட்டால், தொகுத்ததை நிறுவும் ‘மேக் இன்ஸ்டோல்’ கட்டளை கோப்புகளை ‘யூஎஸ்ஆர் லோக்கல்’ கீழே நாலாபுறமும் இறைத்துவிடும். உபுண்டு போன்றவற்றில் மென்பொருள்களை நிறுவி நீக்கும் ‘ஏபிடி’யின் பதிவேட்டில் அவை ஏறாததால், அதைக் கொண்டு நீக்கவும் முடியாது.

ஏற்கெனவே இறைத்தாயிற்றா? மூலநிரலைத் தொகுத்த கோப்புறைக்குள் நின்று ‘மேக் அன்இன்ஸ்டோல்’ கொடுத்துப் பாருங்கள். எல்லா மென்பொருளிலும் அந்த வசதி இருக்காது என்பதுதான் எரிச்சல். யாழ்ப்பாணத் திருநெல்வேலியில் அறை எடுத்துப் படிக்கும் பல்கலைக்கழகப் பிள்ளைகள் பழைய மடிக்கணினியில் இடம் போதாமல் முதலில் அழிப்பதும் இந்தத் தொகுத்த கோப்புறையைத்தான். அழித்திருந்தால் அதே பதிப்பை மீண்டும் தரவிறக்கி, அதே தெரிவுகளோடு ‘கன்ஃபிகர்’ செய்தபின் ‘மேக் அன்இன்ஸ்டோல்’ கட்டளையைக் கொடுக்க வேண்டும்; டேட்டாவுக்குத்தான் செலவு.

லினக்ஸின் கருவோடு சேர்ந்து இயங்கும் கேர்னல் மொட்யூல்களுக்கும், பின்னணிச் சேவைகளைத் தொடங்கி நிறுத்தும் ‘சிஸ்டம்டி’யின் சேவைக் கோப்புகளை வெளியே வைக்கும் மென்பொருள்களுக்கும் தனிக் கோப்புறை மட்டும் போதாது. ‘ஹோம்’ கோப்புறையில் தங்கும் அமைப்புக் கோப்புகளையும் நீங்களே தேடி அழிக்க வேண்டும்.