கொலையாளி ஆர் எண்டு சுண்டுக்குள்ள எழுதிப் போடுங்கோ: பழைய சஸ்பென்ஸ் படம் போட்டு அபிப்பிராயம் எடுக்கிற முறை

சஸ்பென்ஸ் படம் ஒண்டு முடிஞ்ச உடன வீட்டில ஆரிட்டயாவது "எப்பிடிப் படம்?" எண்டு கேட்டுப் பாருங்கோ, எல்லாரும் ஒரே பாட்டுத்தான் பாடுவினம், "எனக்கு முதலே தெரியும்". மாமிக்கும் முதலே தெரியும், படம் ஓடேக்க பாதி நேரம் குசினிக்குள்ள நிண்ட சித்தப்பாவுக்கும் முதலே தெரியும், பாயில நித்திரையாக் கிடந்த மருமகனுக்கும் முதலே தெரியும். இப்பிடி ஒரு பதிலை வைச்சுக்கொண்டு ஆக்கள் உண்மையில என்ன நினைச்சவை எண்டு ஒண்டும் பிடிக்கேலாது. அதால முடிவு தெரிய முதல் கேக்கோணும், அதையும் எழுத்தில வாங்கோணும். இதுதான் நான் நாலஞ்சு தரம் எங்கட வீட்டில படம் போட்டுப் பட்டுத் தெளிஞ்சது, எப்பிடிச் செய்யிறது எண்டு சொல்லுறன்.

படம் தெரிவு செய்யிறதுதான் முதல் வேலை. நான் சொல்லுறது 1954ல வந்த 'அந்த நாள்'. ஏவிஎம் எடுத்தது, டைரக்‌ஷன் எஸ். பாலச்சந்தர். கவனம், இவர் வீணை பாலச்சந்தர், கே. பாலச்சந்தர் இல்லை, இதச் சொல்லாமப் போட்டீங்கள் எண்டா வீட்டில ஒராள் கடைசி வரைக்கும் அந்தப் படம் மாதிரி இல்லையே இந்தப் படம் மாதிரி இல்லையே எண்டு தலையப் பிச்சுக்கொண்டு இருப்பார். ஏன் இந்தப் படம் எண்டா, பேர் எல்லாருக்கும் தெரியும், பாத்த ஆக்கள் குறைவு, கலர் படம் பாத்து வளந்த பிள்ளையளுக்கு முடிவு சுத்தமாத் தெரியாது. போட முதல் பெரிய ஆக்களத் தனியக் கூப்பிட்டு "இதப் பாத்திருக்கிறீங்களோ" எண்டு கேளுங்கோ. ஓம் எண்டு சொல்லுற ஆளை உங்கட பக்கத்தில இருத்துங்கோ, கச்சான் பேணிய அவரிட்டக் குடுங்கோ, வாய் வேலை செய்யட்டும்.

இளசுகளுக்கு இன்னொரு கட்டுப்பாடு வேணும், போன். படத்தின்ட பேர அடிச்சுத் தேடினா முதல் நாலு வரிக்குள்ளயே ஆர் சுட்டது எண்டு போட்டிருக்கும், அதப் பாத்திட்டு ஒண்டும் தெரியாத முகத்தோட இருந்து கடைசியில பெரிய புத்திசாலி மாதிரிக் கதைக்கிறதுக்கு எங்கட மருமகன் ஒருத்தன் இருக்கிறான். போனெல்லாத்தையும் வாங்கி சாமித்தட்டுக்குக் கீழ வைச்சிடுங்கோ. சண்டை பிடிப்பினம்தான்.

டிவிய முதலே சரிபாத்து வையுங்கோ. அந்தக் காலத்துப் படம் 4:3 அளவு, இப்பத்த டிவி அத 16:9க்கு இழுத்து விரிக்கும், சிவாஜி பாவம் பக்கவாட்டில ஊதிப்போய் நிப்பார். செட்டிங்ஸில போய் ரெண்டு பக்கமும் கறுப்பு வரக்கூடிய மாதிரி மாத்துங்கோ. படத்தின்ட அசைவை வழுக்கலாக் காட்டுற ஒரு வசதி இருக்கும், அதையும் நிப்பாட்டுங்கோ, இல்லாட்டி படம் டெலிநாடகம் மாதிரிக் கிடக்கும். முக்கியமான விசயம் வெளிச்சம். மாருதி ராவின்ட கமெரா முழுக்க நிழல்ல விளையாடுறது, முகத்தில பாதி இருட்டாத்தான் கிடக்கும், அதால பகல்ல யன்னலத் திறந்து வைச்சுப் பாக்கேலாது. ஆனா கச்சான் காத்து, அதுதான் வறண்ட தென்மேற்குக் காத்து, அடிக்கிற மாசத்தில திருகோணமலையில யன்னலப் பூட்டினா ஆள் அவிஞ்சு போவம். ஆகவே இரவு ஏழு ஏழரைக்குப் பிறகு தொடங்குங்கோ, லைட்ட நூருங்கோ, யன்னல் திறந்தே கிடக்கட்டும். சத்தத்தில பேஸை (bass) குறையுங்கோ, பழைய ஒலிப்பதிவு, கூட்டினா வசனம் விளங்காது.

இனி முதல் அரை மணித்தியாலம். இதுதான் ஆபத்தான இடம், ஏனெண்டா பாட்டு வராது. ஒரு பாட்டும் இல்லை, டான்ஸ் இல்லை, சண்டை இல்லை, பின்னணி இசை மட்டும்தான். போதாததுக்கு படம் தொடங்கின கையோட சிவாஜி சூடு பட்டுச் செத்துப் போவார், சிவாஜிக்காக வந்து குந்தின எங்கட பெரியம்மா "இதென்னடா, ஆள் போயிற்றார், இனி என்னத்தப் பாக்கிறது" எண்டு எழும்பிட்டா. பயப்பிடாதீங்கோ, அவர் பழைய நினைவுகளா திரும்பத் திரும்ப வருவார் எண்டு மட்டும் சொல்லி இருத்துங்கோ, அதுக்கு மேல ஒரு வசனமும் வேண்டாம். 54ல தியேட்டருக்குப் போன சனமும் இதே மாதிரித்தான் பாட்டில்லாம ஏமாந்தது, வந்த புதிசில படம் நல்லா ஓடவும் இல்லை, பிறகுதான் பேர் எடுத்தது.

கதை எனக்குச் சொல்லக்கூடிய அளவுக்கு இதுதான். 1943ல சென்னையில ஜப்பான்காரன்ட குண்டு விழுந்த நேரம். ராஜன் எண்டுற ரேடியோ எஞ்சினியர் (சிவாஜி) வீட்டில செத்துக் கிடக்கிறார், ஜாவர் சீதாராமன் துப்பறிய வாறார், திரைக்கதையும் அவர்தான். சந்தேகம் தம்பி மேல, தம்பின்ட மனுசி மேல, பக்கத்து வீட்டுக்காரர் மேல, ராஜனோட பழக்கம் இருந்த இன்னொரு பொம்பிளை மேல, கட்டின மனுசி மேல. மனுசியா பண்டரிபாய். ஒவ்வொராளும் தனக்குத் தெரிஞ்சத ஒரு கதையாச் சொல்லுவினம், அந்தக் கதை முடியேக்க இன்னொராள் கொலையாளி மாதிரி நிப்பார்.

அந்த இடம்தான் உங்கட இடம். ஒரு வாக்குமூலம் முடிஞ்ச உடன படத்த நிப்பாட்டுங்கோ. கொப்பி ஒற்றையக் கிழிச்சுச் சின்னத் துண்டு துண்டா முதலே வெட்டி வைச்சிருக்கோணும். ஆளுக்கு ஒண்டு குடுத்து ரெண்டு விசயம் எழுதச் சொல்லுங்கோ, இப்ப ஆரில சந்தேகம், ஏன். கதைக்க விடாதீங்கோ, ஒராள் வாயத் திறந்தா மற்றாக்கள் எல்லாம் அவற்ற பக்கம் சாஞ்சிடுவினம், அதுவும் வீட்டில மூத்தவர் சொல்லிட்டா முடிஞ்சுது. எழுதினத மடிச்சு அரிசி அளக்கிற சுண்டுக்குள்ள போடச் சொல்லுங்கோ. எழுதக் கண் தெரியாத ஆக்களுக்கு நீங்கள் காதுக்குள்ள கேட்டு எழுதுங்கோ. ரெண்டு நிமிசத்துக்கு மேல நிப்பாட்ட வேண்டாம், தேத்தண்ணி ஊத்தப் போறன் எண்டு ஒராள் எழும்பினா அரை மணித்தியாலம் போயிடும். தேத்தண்ணிய முதலே பிளாஸ்கில போட்டு வையுங்கோ.

எல்லா வாக்குமூலமும் முடிஞ்சு, முடிவு வாறதுக்கு முன்னால கடைசித் துண்டு. இத மட்டும் கொஞ்சம் பெரிய துண்டாக் குடுங்கோ. பிறகு படம் முடியட்டும், உடன கதைக்க வேண்டாம், லைட்டப் போட்டு சுண்டக் கவிட்டு ஒவ்வொண்டா வாசியுங்கோ. எங்கட வீட்டில இதுக்குத்தான் சிரிப்பு, படத்துக்கு இல்லை.

வாசிக்கேக்க காரணத்தக் கவனியுங்கோ, பேர விடுங்கோ. எங்களுக்கு வந்த காரணமெல்லாம் மூண்டு சாதி. சிலது படத்துக்குள்ள கண்டது, "அவர் வாசல்ல நிண்டு சொன்ன நேரமும் இவ சொன்ன நேரமும் பொருந்தேல்லை" எண்டுற மாதிரி. சிலது நடிகரப் பாத்து வந்தது, "பண்டரிபாய் பராசக்தியில எவ்வளவு நல்ல பொம்பிளை, அவ செய்ய மாட்டா", இல்லாட்டி அதுக்கு நேர்மாறா மருமகன் எழுதினது, "ஆரில சந்தேகம் வரேல்லையோ அவர்தான், எல்லாப் படத்திலயும் அப்பிடித்தான்". மூண்டாவது சாதி சொந்த வாழ்க்கையில இருந்து வாறது, அதுதான் எனக்கு விருப்பம். மாமி ஒராளக் குறிப்பிட்டு "காணிப் பங்கு கேட்டு வாறவன் எதுக்கும் துணிவான்" எண்டு எழுதியிருந்தா, கீழ படத்துக்குச் சம்பந்தமே இல்லாத எங்கட சொந்தக்காரர் ஒருத்தர்ட பேர். அத நான் சத்தமா வாசிக்கேல்லை, நீங்களும் வாசிக்கப் போட்டு வினை வாங்காதீங்கோ.

இந்த மூண்டாவது சாதிக் காரணத்த வெட்டி எறிஞ்சு "நடிப்பு நல்லம், கமெரா நல்லம்" எண்டு மட்டும் அபிப்பிராயம் எழுதுறவை கனபேர். பாலச்சந்தர் இந்தப் படத்தில செய்த வேலையே பாக்கிற ஆக்கள்ட மனசில கிடக்கிற ஓரவஞ்சகத்தத் தூண்டி விடுறதுதான். சாட்சி சொல்லுறவை பொய் சொல்லுகினம் எண்டு கூட இல்லை, தங்கட கோவத்தோட பாத்தத சொல்லுகினம். கேட்டுக்கொண்டிருக்கிற நாங்களும் எங்கட கோவத்தோட கேக்கிறம்.

"ஜப்பான் டைரக்டர் குரோசவாவின்ட ரஷோமோன் படத்தின்ட கொப்பி" எண்டு ஒராள் கட்டாயம் சொல்லுவார். பாலச்சந்தருக்கு அந்தப் படம் பிடிச்சு அதில இருந்துதான் யோசனை வந்தது, உண்மைதான். ஆனா அப்பிடிச் சொல்லுறவரிட்ட ஒண்டு கேளுங்கோ. 1950ல வந்த ரஷோமோன்ல கொள்ளைக்காரன் தான்தான் கொலை செய்ததெண்டு பெருமையாச் சொல்லுவான், மனுசியும் தன்ட கையாலதான் எண்ட மாதிரிச் சொல்லுவா, செத்தவரே ஆவியா வந்து தானே குத்திக்கொண்டதெண்டு சொல்லுவார், ஆளாளுக்குப் பழிய தங்கட தலையில போடுவினம். இங்க ஆளாளுக்கு மற்றாளக் காட்டுவினம். அங்க கடைசி வரைக்கும் உறுதியான விடை இல்லை, இங்க இருக்கு. ரெண்டும் வேற குணம் உள்ள படம். (ரஷோமோன் பாக்காதவைக்கு இப்ப நான் கொஞ்சம் உடைச்சிட்டன், மன்னிச்சுக்கொள்ளுங்கோ.)

எங்கட ஊரில இந்தப் படத்தப் போட்டா இன்னொண்டும் நடக்கும், அதுக்கு நேரம் விட்டு வையுங்கோ. படத்தில சைரன், குண்டு எண்டு வந்த உடன எங்கட பெரியம்மா கதைக்கத் தொடங்கிட்டா, அவட அம்மா சொல்லி வைச்ச கதை. சென்னைக்கு முதல் எங்களுக்கு விழுந்திட்டுதே, 1942 ஏப்ரல் 9, ஜப்பான் விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் பக்கத்தில இருக்கிற சீனக்குடாவையும் அடிச்சது, எண்ணெய்க் குதத்தில ஒரு தாங்கி எரிஞ்சது, அதே நாள் மட்டக்களப்புக் கடல்ல பிரித்தானியாவின்ட விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மிஸும் தாண்டது. அம்மாச்சி வீட்டாக்கள் மாட்டு வண்டில்ல தம்பலகாமத்துப் பக்கம் போனவையாம், புகை அங்க இருந்தும் தெரிஞ்சதாம். மருமகன் ஒவ்வொரு நாளும் சீனக்குடாவால பஸ்ஸில போறவன், குதத்தப் பாத்துப் பாத்துப் போறவன், எரிஞ்ச கதை அவனுக்கு அண்டைக்குத்தான் தெரியும். அந்தக் கதைக்குப் பிறகு அவன் எழுதின துண்டில காரணம் மாறியிருந்தது, போர்க்காலத்துப் பயத்த ஒரு காரணமா எழுதியிருந்தான். போர்க்காலம் ஏன் இந்தக் கதைக்குத் தேவை எண்டு நான் இங்க சொல்லமாட்டன், சொன்னா பாதி முடிச்சு அவிண்டிடும்.

இதெல்லாம் முடிஞ்சு நீங்கள் ஆருக்கும் எழுதிச் சொல்லப் போறீங்கள் எண்டா ஒரு கவனம். பேரச் சொல்லாட்டியும் ஆக்கள் உடைப்பினம். "கடைசியில அந்த ஆள்ட நடிப்பு அபாரம்" எண்டு எழுதினா முடிஞ்சு போச்சு, அந்த ஆள்தான் எண்டு விளங்கிடும். "யாரும் எதிர்பாக்காத முடிவு" எண்டு எழுதினா வாசிக்கிறவர் முதல் காட்சியிலயே எதிர்பாக்காத ஆளத் தேடத் தொடங்கிடுவார், அவற்ற படம் அண்டைக்கே பாழ். எழுதுறதெண்டா நடுவில உங்களுக்கு வந்த பிழையான சந்தேகத்த எழுதுங்கோ, "தம்பிதான் எண்டு நினைச்சு ரெண்டு தரம் எழுதினன், பிறகு கிழிச்சன்" எண்டு. அதில முடிவும் உடையாது, உங்கட மனசும் தெரியும். பழசு எண்டு சாட்டுச் சொல்லி மெதுவான இடங்கள ஒளிக்கவும் தேவையில்லை, நடுவில ஒரு இடம் இழுக்குது, இழுக்குதெண்டே எழுதலாம்.

அடுத்த கிழமைக்கு அதே பாலச்சந்தர்ட 1964 'பொம்மை' போடலாம், அதில பாட்டும் இருக்கு, வீட்டில சண்டை குறையும். ஆனா துண்டில கேள்விய மாத்தோணும். அதில ஒரு பொம்மைக்குள்ள குண்டு, அது கை மாறிக் கை மாறிப் போகுது, அதால ஆர் எண்டு கேக்கிறதில பலனில்லை, இனி ஆரின்ட கைக்குப் போகும் எண்டு கேளுங்கோ.

கடைசியா ஒண்டு, துண்டில அவரவர் பேரையும் எழுத வையுங்கோ. நாங்கள் முதல் தரம் விட்ட பிழை அதுதான். கடைசிச் சுத்தில எட்டுத் துண்டு விழுந்தது, அதில ஒண்டே ஒண்டுதான் சரி, காரணமும் அச்சொட்டாச் சரி, பேர் இல்லை. அஞ்சு பேர் அது தன்ட எண்டு நிக்கினம். எழுத்த ஒப்பிட்டுப் பாத்தம், ஒருத்தற்றயோடயும் பொருந்தேல்லை, சித்தப்பா மட்டும் அது இடக்கையால எழுதினது எண்டுறார். மாமி அந்தத் துண்ட கலண்டருக்குப் பின்னால செருகி வைச்சிருக்கிறா, அவவில எனக்கு ஒரு சின்னச் சந்தேகம் இருக்கு.