கீழடிக்குக் குடும்பத்தோடு போகிறவர்களுக்கு

ஊருக்குப் போகும்போது பழந்தமிழர் வாழ்ந்த தடயங்கள் அகழாய்வில் கிடைத்த கீழடியைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்று நினைப்பவர்கள், கூட வருகிறவர்கள் யார் யார் என்று முதலில் பாருங்கள். முழங்கால் வலியுள்ள அம்மம்மா, தமிழ் பேசத் தெரிந்தும் வாசிக்கத் தெரியாத பேரன், கண் பார்வை குறைந்த சித்தப்பா என எல்லோரையும் ஒரே சுற்றில் இழுத்துக்கொண்டு போனால் ஒருவருக்கும் திருப்தி இருக்காது.

மதுரையிலிருந்து ஏறக்குறைய 12 கி.மீ. தூரத்தில் இருக்கும் கீழடி அருங்காட்சியகம் 2023 மார்ச்சில் திறக்கப்பட்டது. செட்டிநாட்டு வீட்டுப் பாணியில் கட்டியிருக்கிறார்கள். பார்க்க அழகுதான், ஆனால் கூடத்துக்குக் கூடம் நடக்க வேண்டும். வயதானவர்கள் இருந்தால் காலையிலேயே போய்விடுங்கள். மதிய வெயில் ஆகாது. சக்கர நாற்காலிக்கு எந்த வாசல் வசதி, வார விடுமுறை என்றைக்கு என்று முதல் நாளே போன் செய்து கேளுங்கள். மடக்குச் சக்கர நாற்காலி சொந்தமாக இருந்தால் கையோடு எடுத்துப் போவது உத்தமம்.

தொடுதிரை, அனிமேஷன் படம் எல்லாம் இருப்பதால் குழந்தைகள் அங்கேயே ஒட்டிக்கொள்வார்கள். அவர்களைப் பானை ஓடுகள் பக்கம் கொண்டுவர ஒரு வழி இருக்கிறது. தமிழி என்ற பழங்காலத் தமிழ் எழுத்தில் கூட்டல் குறி போல இருப்பது 'க', நேர்கோடாக நிற்பது 'ர'. இதை மட்டும் சொல்லிவிட்டு, கீறிய எழுத்துகளில் தேடச் சொல்லுங்கள். அந்த எழுத்து நமக்கும் புதுசு என்பதால், வாசிக்கத் தெரியாத பேரன் அங்கே யாருக்கும் குறைந்தவன் இல்லை. ஓட்டில் பெயர் கீறிய ஆதனும் குவிரனும் அவனுக்கு ஆட்களாகவே தெரிவார்கள்.

விளக்கப் பலகைகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் உண்டு. பாரிஸிலோ ஒஸ்லோவிலோ வளரும் பிள்ளைக்கு அதுவும் கஷ்டமென்றால், கூகுள் டிரான்ஸ்லேட் மொழிபெயர்ப்புச் செயலியின் கேமராவைப் பலகைக்கு நேரே பிடித்தால் போதும். தேவையான மொழியை வீட்டு வைஃபையிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பார்வை குறைந்தவர்களுக்கு அதே செயலி வாசித்தும் காட்டும். மற்றவர்களுக்குத் தொந்தரவில்லாமல் இயர்போன் போடச் சொல்லுங்கள். காது மந்தமானவர்களுக்கு லைவ் டிரான்ஸ்கிரைப் செயலி உதவும். தமிழைத் தேர்ந்தெடுத்து, படம் ஓடும்போது போனை ஒலிபெருக்கி அருகில் பிடித்தால் பேச்சு எழுத்தாக வரும். கூட்டத்தின் இரைச்சலில் கொஞ்சம் தப்பும் தவறுமாக வரும்தான்.

ஆனால் எத்தனை திரை வைத்தாலும் அது கண்ணுக்கான விருந்துதான். பார்வையே இல்லாதவருக்குக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் பானையால் என்ன பயன்? அதனால் கீழடிக்குப் போகும் அதே மதுரை-ராமேஸ்வரம் சாலையில் மானாமதுரை வரை போய்விட்டு வாருங்கள். மண்பாண்டத்துக்கும் கடம் என்னும் தாள வாத்தியத்துக்கும் பேர்போன ஊர். பானை செய்யும் வேளார் வீடுகளில் பணிவாகக் கேட்டால் ஈரப் பானையின் கழுத்து, சுட்ட பானையின் சொரசொரப்பு, தட்டினால் வரும் சத்தம் என எல்லாவற்றையும் கையாலேயே தெரிந்துகொள்ளலாம். சும்மா வராமல் ஏதாவது வாங்குங்கள். துணியில் சுற்றிக் கைப்பையில் வைத்தால் உடையாது.

சென்னையில் நேரம் கிடைத்தால் எழும்பூர் அருங்காட்சியகம் போகலாம். 1851இல் தொடங்கியது, பல கட்டிடங்கள். அம்மம்மாவோடு போனால் வெண்கலச் சிலைக் கூடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை. விமானம் ஏறும் நாள் வெள்ளியாக இருந்தால், அன்றைக்குத் தி.நகர் கடைத்தெருதான்.