அடர் ஊத் வாசனை யாருக்குப் பொருந்தும், எப்படிப் பூசுவது?

ஊத் என்பது வேறொன்றுமில்லை, நம் அகில்தான். அக்விலேரியா மரத்தில் காயம்பட்டு பூஞ்சை புகுந்தால், மரம் தன்னைக் காத்துக்கொள்ளக் கருமையான பிசினைச் சுரக்கும், அந்தப் பிசின் ஊறிய கட்டையில்தான் இந்த மணமே இருக்கிறது. அப்படி ஊறாத மரம் வெளிறிய வெறும் கட்டை.

சரி, இது யாருக்கு? அதிகம் பேசாமல், பேசினால் அழுத்தமாகப் பேசுகிறவர்களுக்கு அவ்வளவு எடுப்பாக இருக்கும். கலகலப்பான ஆள் என்றால் நேராக இதில் இறங்காமல், ரோஜாவோ குங்குமப்பூவோ கலந்த ஊத்தில் ஆரம்பியுங்கள், அந்தக் கனம் கொஞ்சம் இளகி உங்களோடு ஒத்துப்போகும்.

காகிதப் பட்டையில் முகர்ந்து மட்டும் தயவுசெய்து முடிவு செய்யாதீர்கள். மணிக்கட்டில் ஒரே ஒரு முறை அடித்து, தேய்க்காமல் விட்டுவிடுங்கள். முதலில் பதப்படுத்திய தோல், மாட்டுத்தொழுவம், மருந்து எல்லாம் கலந்த நெடி மாதிரி வரும், பயப்பட வேண்டாம். அரை மணி நேரம் போனால் புகையும் ஈரமரமும் லேசான தித்திப்புமாக அது அடங்கி வரும்போதுதான் உண்மையான ஊத் தெரியும். மறுநாள் காலையில் சட்டைக் கை ஓரத்தை முகர்ந்து பாருங்கள், அந்த மணமும் பிடித்தால் வாங்குங்கள்.

அப்புறம் அளவு. சட்டைக்குள் நெஞ்சில் ஒன்று, பின்கழுத்தில் ஒன்று, போதும். அத்தர் என்றால் குச்சி நுனியால் ஒரே ஒரு முறை தொட்டு வையுங்கள். மூடிய அறையில் பலரோடு உட்காரும் நாளில் அதையும் பாதியாக்குங்கள், கூட இருப்பவருக்குத் தலை வலிக்கக் கூடாது.